விரியும் ஓட்டின் படம் ஐயத்தைக் கிளப்பும்போது: சூப்பர்நோவா ரேடியோ படங்களில் பிழை நீக்கும் வழிமுறை

1993 மார்ச் 28 அன்று, எம்81 விண்மீன் திரளில் வெடித்த ஒரு விண்மீனை ஸ்பெயின் நாட்டின் தன்னார்வ வானியலாளர் பிரான்சிஸ்கோ கார்சியா தியாஸ் கண்டறிந்தார். எஸ்என் 1993ஜே எனப் பெயரிடப்பட்ட அந்த சூப்பர்நோவா, ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்தும், ரேடியோ அலைகளில் மிகப் பிரகாசமாக இருந்ததால், கண்டங்களைக் கடந்து நிற்கும் தொலைநோக்கிகளை ஒன்றாக இணைக்கும் வி.எல்.பி.ஐ. முறையில் வெடிப்பில் வீசப்பட்ட பொருளால் ஆன அதன் ஓடு விரிவதை ஆண்டுக்கணக்கில் படம்பிடிக்க முடிந்தது. நார்பெர்ட் பார்ட்டல், மைக்கேல் பீட்டன்ஹோல்ஸ் ஆகியோரின் குழுவும் ஸ்பெயினைச் சேர்ந்த ஹோன் மார்க்கைடேயின் குழுவும் தனித்தனியாக இந்தப் பணியைச் செய்தன. இரண்டு குழுக்களும் ஒரே ஓட்டை ஆராய்ந்தும் சில முடிவுகளில் வேறுபட்டன. அந்த வேறுபாடுகளை ஊன்றிப் படிப்பவர்களுக்கு, இத்தகைய தரவில் எந்த இடத்தில் தவறு நுழையும் என்பது நன்றாக விளங்கும்.

இங்கே தரப்படும் வழிமுறை, அளவுத்திருத்தம் முடிந்த தரவிலிருந்து படத்தொடர் ஒன்றை உருவாக்கியவர், அப்படத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று உணரும் தருணத்திற்கானது. அறிகுறியைத் தலைப்பாகக் கொண்டு, அதற்கு எது காரணமாக இருக்கலாம், எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படை ஒன்றே: குறுக்கீட்டுமானி (ஒன்றாக இணைந்து இயங்கும் தொலைநோக்கித் தொகுதி) அளப்பது படத்தை அன்று, விசிபிலிட்டிகளை, அதாவது தொலைநோக்கி இணை ஒவ்வொன்றின் சிக்னல்களையும் ஒப்பிட்டுப் பெறும் வீச்சையும் கட்டத்தையும் (அலைகளின் ஒப்பு நிலையைக் காட்டும் கோணத்தையும்). படம் நாம் அவற்றிலிருந்து கட்டியெழுப்பிய ஊகம். ஆகவே ஐயம் எழும் ஒவ்வொரு முறையும் விசிபிலிட்டிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஓடு தெரியவில்லை, வெறும் புள்ளியோ தட்டோ மட்டும் தெரிகிறது

முதலில் கருவியின் பிரிதிறனை, அதாவது அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணத்தைக் கணக்கிடுங்கள். ஹவாயின் மவுனா கேயாவிலிருந்து கரீபியக் கடலின் செயின்ட் குராய் தீவு வரை பரந்திருக்கும் வி.எல்.பி.ஏ. ரேடியோ தொலைநோக்கி அணியின் மிக நீண்ட அடிக்கோடு (இரு தொலைநோக்கிகளுக்கு இடையிலான தொலைவு) ஏறத்தாழ 8,600 கிலோமீட்டர். 8.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது 3.6 சென்டிமீட்டர் அலைநீளத்தில், இதன் பிரிதிறன் ஏறத்தாழ 0.9 மில்லி ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு; மில்லி ஆர்க்செகண்ட் அதில் ஆயிரத்தில் ஒன்று). 5 கிகாஹெர்ட்ஸில் 1.4, 1.7 கிகாஹெர்ட்ஸில் 4-க்கும் மேல். எம்81-இன் தொலைவில் ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது ஏறத்தாழ 54,000 கோடி கிலோமீட்டர். நொடிக்கு 16,000 கிலோமீட்டர் வேகத்தில் விரியும் ஓட்டின் ஆரம், ஓராண்டு முடிவில்தான் அந்த அளவை நெருங்கும். எனவே வெடித்த சில மாதங்களில் எடுத்த படத்தில் ஓடு தெரியாதது இயல்பே. அப்போது பிக்சல் அளவைக் குறைத்தோ, மீட்புக் கற்றையை (படத்தை வரையும்போது ஒவ்வொரு புள்ளியையும் பரப்பிக் காட்டும் வெளிச்சத் திட்டை) செயற்கையாகச் சுருக்கியோ வளையத்தை வரவழைக்க முயல்வது வீண்.

அந்தக் கட்டத்தில் செய்யத்தக்கது, அடிக்கோட்டு நீளத்திற்கு எதிராக விசிபிலிட்டி வீச்சை வரைந்து, அது முதன்முறையாகச் சுழியைத் தொடும் இடத்தைத் தேடுவதாகும். மெல்லிய கோள ஓட்டுக்கு அந்த இடம், அலைநீளத்தை ஓட்டின் கோண விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் நீளத்தில் வரும். விட்டம் 2 மில்லி ஆர்க்செகண்ட் என்றால், 8.4 கிகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். ஓடு இருமடங்காக வளர்ந்தால் அதில் பாதி. சுழியைக் கடந்த பின் விசிபிலிட்டியின் கட்டம் 180 பாகை புரள வேண்டும். இந்தப் புரள்வைக் கண்ணால் காண முடிந்தால், படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அளவை நம்பலாம்.

ஆனால் எந்த வடிவத்தைப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. அதே சுழி இடத்திலிருந்து, சீரான வட்டத் தட்டு என்று கொண்டால் விட்டம் மெல்லிய ஓட்டின் விடையைவிட 22 விழுக்காடும், உள்ளே நிரம்பிய கோளம் என்று கொண்டால் 43 விழுக்காடும் கூடுதலாக வரும். தடிமன் வெளி ஆரத்தில் ஐந்திலொன்று உள்ள ஓட்டுக்கு, வெளி விட்டம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். வடிவம் எல்லா நாள்களிலும் மாறாமலிருந்தால் இந்தப் பெருக்கல் காரணி விரிவின் போக்கைக் கெடுக்காது. ஆனால் நிறமாலைக் கோடுகள் தரும் வேகத்தையும் கோண விரிவையும் ஒப்பிட்டுத் தொலைவைக் கணிக்க முனைபவருக்கு, அது அப்படியே தொலைவின் பிழையாக இறங்கிவிடும். அந்த முறையில் பார்ட்டல் குழு 2007-இல் 3.96 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டு) என்று கணித்தது. செபீடு மாறியல் விண்மீன்களைக் கொண்டு அதற்கு முன்பே கணிக்கப்பட்ட மதிப்பு 3.63 மெகாபார்செக். இரண்டும் தத்தம் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகின்றன. ஓட்டின் வடிவத்தைக் கவனமின்றித் தேர்ந்திருந்தால் அந்த ஒப்புமை கிடைத்திருக்காது.

விரிவு திடீரெனத் தளர்கிறது அல்லது முடுக்கம் பெறுகிறது

எல்லா அறிகுறிகளிலும் மிகுந்த கவனம் தேவைப்படுவது இதுவே. ஏனெனில், கருவியால் வரும் போலித் தளர்வும் இயற்பியலால் வரும் உண்மையான தளர்வும் ஒரே திசையில் அமைகின்றன. ஓடு, தான் மோதும் வளிமப் பொருளால் தடுக்கப்படுவதால், அதன் ஆரம் காலத்தின் அடுக்காக, ஒன்றைவிடச் சற்றுக் குறைந்த அடுக்குக்குறியுடன், வளரும் என்றே எதிர்பார்க்கிறோம். எஸ்என் 1993ஜே-க்கு இந்த அடுக்குக்குறி பெரும்பாலும் 0.8-க்கும் 0.9-க்கும் இடைப்பட்டே கணிக்கப்பட்டிருக்கிறது. எதிர்பார்த்த விடை கைக்கு வந்துவிட்டால் அதைக் கேள்வி கேட்க மனம் வராது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். தடையே இல்லாமல் விரியும் ஓர் உருவின் உண்மை விட்டங்கள், காலம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 1, 2, 4 மில்லி ஆர்க்செகண்ட் என்று வளர்வதாகக் கொள்வோம். அதை 1 மில்லி ஆர்க்செகண்ட் அகலமுள்ள நிலையான கற்றையால் மங்கலாக்கி, படத்திலிருந்து நேரடியாக அளந்தால், தோராயமாக 1.41, 2.24, 4.12 என்று கிடைக்கும். முதல் இடைவெளியில் அடுக்குக்குறி 0.66, இரண்டாவதில் 0.88. உண்மையான விடையோ இரண்டிலும் 1. ஆக, நடக்காத ஒரு கடுமையான தளர்வும், அதைத் தொடர்ந்து தளர்வு குறைந்து மீள்வது போன்ற ஒரு தோற்றமும் ஒரே பிழையிலிருந்து பிறக்கின்றன. இந்த எண்களை ஒருமுறையேனும் தாமே கணக்கிட்டவர், படத்தின் விளிம்பைப் பாதி வெளிச்சக் கோட்டில் அளந்து அப்படியே வெளியிடத் துணியமாட்டார்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, மார்க்கைடே குழு கையாண்டது போல, மீட்புக் கற்றையை ஓட்டின் அளவுக்கு நேர்விகிதத்தில் ஒவ்வொரு நாளுக்கும் பெரிதாக்கிக்கொண்டே போவது. அப்போது மங்கலால் வரும் பிழை எல்லா நாள்களிலும் ஒரே விகிதத்தில் இருக்கும், அடுக்குக்குறி பிழைபடாது. மற்றொன்று, படத்தை முற்றிலும் விட்டுவிட்டு, கோள ஓட்டின் மாதிரியை விசிபிலிட்டியிலேயே பொருத்துவது. பார்ட்டல் குழு ஆரத்தை இவ்வாறே அளந்தது. என் மதிப்பீட்டில் இரண்டாவது வழியே உறுதியானது. ஆனால் ஓட்டின் தடிமனை எல்லா நாள்களுக்கும் ஒரே விகிதமாக நிலைநிறுத்தினோமா, ஒவ்வொரு நாளும் தனியே பொருத்தினோமா என்பதைச் சொல்லாமல் ஆரத்தின் அட்டவணையை மட்டும் தருவது, படிப்பவரைத் தவிக்கவிடும்.

கற்றையைச் சரிசெய்த பின்னும் முறிவு நீடித்தால், அதிர்வெண் மாறிய நாளைத் தேடுங்கள். ஓடு வளர்ந்து மங்கும்போது உயர் அதிர்வெண்ணிலிருந்து தாழ் அதிர்வெண்ணுக்கு இறங்குவது வழக்கம்; அந்த மாற்றத்தோடு முறிவு ஒத்து நின்றால் அது ஐயத்துக்குரியது. எஸ்என் 1993ஜே-யில் வெவ்வேறு அலைநீளங்கள் சற்றே வேறுபட்ட விரிவைக் காட்டுவதாக மார்க்கைடே குழு அறிவித்தது. உள்ளிருக்கும் சிதறுபொருள் ரேடியோ அலைகளை விழுங்கும் அளவு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதையும், ஓட்டுக்குள் காந்தப்புலம் ஆரத்தோடு குறைவதையும் கொண்டு அதற்கு விளக்கம் தந்தார்கள். இவ்வாறான விளைவு உண்மையா என்பதைத் தீர்மானிக்க, இரண்டு அதிர்வெண்களிலும் ஒரே காலத்தில் எடுத்த நாள்கள் சிலவேனும் வேண்டும். அவை இல்லாதபோது, முறிவைக் கண்டுபிடிப்பாக அறிவிப்பதற்கு இடமில்லை.

வெடித்த நாளின் பிழையையும் பாருங்கள். ஐம்பதாம் நாளில் எடுத்த படத்துக்கு ஒரு நாள் பிழை என்பது காலத்தில் 2 விழுக்காடு. பத்தாண்டுக்குப் பிந்தைய படத்துக்கு அது பொருட்டே அன்று.

வளையத்தில் வெளிச்சத் திட்டுகள் தோன்றுகின்றன, நாளுக்கு நாள் இடம் மாறுகின்றன

வளையம் சீரான வெளிச்சத்தோடு இல்லாமல், இரண்டு மூன்று முடிச்சுகளாகத் தெரியும்போது, அவை மோதலின் சூடான இடங்கள் என்று பொருள்கொள்ளும் ஆசை வலுவாக எழும். எஸ்என் 1993ஜே-யின் ஓட்டில் வளையத்தைச் சுற்றிலும் வெளிச்சம் ஏறியிறங்குவதும், அந்தக் கோலம் ஆண்டுகளோடு மாறுவதும் உண்மையாகவே பதிவாகியுள்ளன. எனவே எல்லாத் திட்டுகளையும் போலி என்று ஒதுக்கவும் முடியாது.

சோதனை இதுதான். முற்றிலும் சீரான ஒரு கோள ஓட்டைக் கணினியில் உருவாக்கி, அந்த நாளின் உண்மையான அடிக்கோட்டுத் தடங்களிலேயே அதன் விசிபிலிட்டிகளைக் கணக்கிட்டு, அந்த நாளின் இரைச்சலைச் சேர்த்து, கிளீன் முறையின் (படத்தைப் புள்ளி புள்ளியாகக் கட்டியெழுப்பும் வழக்கமான கணினி முறையின்) அதே அமைப்புகளோடு படமாக்குங்கள். அந்தப் படத்திலும் அதே இடங்களில் முடிச்சுகள் வந்தால், அவை வானத்தில் இல்லை. கிளீன் முறை விரிந்த வெளிச்சத்தைப் புள்ளிகளாக உடைத்துக்கொள்ளும் இயல்புடையது. அடிக்கோட்டுத் தளத்தில் அளவீடு இல்லாத வெற்றிடம் இருந்தால் அந்தப் புள்ளிகள் குறிப்பிட்ட இடைவெளியில் திரளும். ஒரு தொலைநோக்கி பழுதால் விடுபட்ட நாளில் திட்டுகளின் கோலம் மாறியிருந்தால், ஐயம் இன்னும் வலுக்கிறது. பல அளவுக் கூறுகளைக் கொண்ட கிளீன் முறையும், தரவுக்குப் பொருந்தும் படங்களுள் மிகச் சீரானதைத் தேரும் பெரும எண்ட்ரோபி முறையும் தரும் படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதும் உதவும்.

இங்கே எஸ்என் 1993ஜே-க்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. எம்81 வானில் வடக்கே 69 பாகையில் இருப்பதால், வட அமெரிக்க, ஐரோப்பியத் தொலைநோக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது மறைவதே இல்லை. முழு நாளும் பின்தொடரலாம். கற்றையும் ஏறத்தாழ வட்டமாக அமையும். நிலநடுக்கோட்டை ஒட்டிய வானில் வெடிக்கும் சூப்பர்நோவாவுக்கு இந்த வசதி இராது. அதன் கற்றை வடக்கு தெற்காக நீண்டுவிடுவதால், வளையத்தின் கிழக்கிலும் மேற்கிலும் இரட்டைத் திட்டுகள் தோன்றினால் முதலில் கற்றையையே சந்தேகிக்க வேண்டும்.

தற்சீராக்கமும், அதாவது ஊகித்த மாதிரி ஒன்றைக் கொண்டு அதே தரவிலிருந்தே தொலைநோக்கிகளின் பிழைகளைத் திருத்தும் முறையும், திட்டுகளை உண்டாக்கும். தொடக்க மாதிரியாக ஒற்றைப் புள்ளியைக் கொடுத்தால், தரவு அந்தப் புள்ளியை நோக்கி இழுக்கப்படும். வட்ட ஓட்டைக் கொடுத்தால் உண்மையான சமச்சீரின்மையும் மழுங்கலாம். இரண்டு மாறுபட்ட தொடக்கங்களிலிருந்து ஒரே படத்தை வந்தடைகிறோமா என்று பார்ப்பது எளிய காப்பு. அதைவிட வலிய காப்பு மூடிய கட்டம்: மூன்று தொலைநோக்கிகளின் கட்டங்களைச் சுற்றுமுறையில் கூட்டினால், தனித்தனித் தொலைநோக்கிகளின் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். மையத்தைப் பொறுத்துச் சமச்சீரான உருவுக்கு அந்தக் கூட்டுத்தொகை சுழியாகவோ 180 பாகையாகவோ மட்டுமே இருக்க முடியும். இரைச்சலுக்கு மேலாக வேறு மதிப்புகள் வந்தால், சமச்சீரின்மை அளவுத்திருத்தத்தால் விளைந்தது அன்று என்று துணிந்து எழுதலாம்.

நடுப்பகுதி அளவுக்கு மீறி இருண்டிருக்கிறது

முதலில் எவ்வளவு இருள் எதிர்பார்க்கத்தக்கது என்று கணக்கிட வேண்டும். உள் ஆரம் வெளி ஆரத்தில் 0.8 பங்கு உள்ள, தன் ஒளியைத் தானே விழுங்காத ஓட்டில், மையத்தின் வழியே போகும் பார்வைக்கோடு ஓட்டுப்பொருளில் 0.4 ஆர நீளத்தைக் கடக்கிறது. உள்விளிம்பைத் தொட்டுப் போகும் கோடு 1.2 ஆர நீளத்தைக் கடக்கிறது. ஆகவே மையத்தின் வெளிச்சம் வளையத்தின் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. கற்றை மங்கலாக்கும்போது இந்த விகிதம் கூடவே செய்யும், பொதுவாகக் குறையாது. எனவே மூன்றில் ஒன்றுக்கும் கீழே போன மையம் விளக்கம் கேட்கிறது. சுழிக்கும் கீழே போன மையம் கருவியின் குற்றமாகவே இருக்கும்.

கருவியின் குற்றம் என்பது பெரும்பாலும் குறுகிய அடிக்கோடுகள் இல்லாமையாகும். ஓடு வளர வளர அதன் மொத்த ஒளிர்வின் பெரும்பகுதி குறுகிய அடிக்கோடுகளில் மட்டுமே பதியும். நியூ மெக்சிகோவின் வி.எல்.ஏ. அணி அதே காலத்தில் அளந்த மொத்த ஒளிர்வோடு, உங்கள் கிளீன் கூறுகளின் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். உங்கள் தொகை கணிசமாகக் குறைந்தால், காணாமற்போன ஒளிதான் நடுவில் பள்ளமாகவும் வளையத்துக்கு வெளியே எதிர்மதிப்புத் தொட்டியாகவும் தெரிகிறது. இரண்டு தொகைகளும் ஒத்திருந்தும் மையம் இருண்டிருந்தால்தான், ஓட்டின் பின்பக்கத்து ஒளியை உள்ளிருக்கும் சிதறுபொருள் விழுங்குகிறது என்ற விளக்கத்தைப் பரிசீலிக்கலாம். எஸ்என் 1993ஜே-யில் இரண்டு குழுக்களுமே அத்தகைய உள்விழுங்கலைத் தம் மாதிரிகளில் சேர்க்க நேர்ந்தது. ஓட்டின் தடிமன் பற்றி அவர்களுக்குள் எழுந்த வேறுபாட்டில் இதற்கும் பங்குண்டு: விழுங்கலைச் சேர்க்காமல் பொருத்தினால், இருண்ட மையத்தை ஈடுகட்ட மாதிரி தன் ஓட்டை மெலிதாக்கிக்கொள்ளும்.

நடுவில் ஒரு பிரகாசப் புள்ளி

எதிர்மாறாக நடுவில் புள்ளியொன்று முளைத்தால், அது நியூட்ரான் விண்மீனின் அல்லது கருந்துளையின் முதல் அறிகுறி என்று எண்ணத் தோன்றும். தரவின் கட்ட மையத்தை (கட்டங்கள் சுழியாகும்படி வானில் தேர்ந்த இடத்தை) ஓட்டின் மையத்திலிருந்து சில கற்றை அகலம் தள்ளி வைத்து, சிக்னல்களை இணைக்கும் கருவியான கோரிலேட்டரில் மீண்டும் ஓட்ட இயலுமானால் ஓட்டுங்கள். கருவியின் நிலையான விலகலால் வரும் போலிப் புள்ளி கட்ட மையத்திலேயே தங்கிவிடும், ஓட்டோடு நகராது. புள்ளி ஓட்டோடு நகர்ந்தால் அடுத்துப் பல அதிர்வெண்களில் அதன் ஒளிர்வை அளக்க வேண்டும். என்ஜிசி 891 திரளில் உள்ள எஸ்என் 1986ஜே-யில் 2004-இல் அறிவிக்கப்பட்ட மையக் கூறு, ஓட்டின் நிறமாலைக்கு மாறாக உயர் அதிர்வெண்ணில் வலுத்து நின்றது என்பதே அதன் உண்மைக்கு வலிய சான்றாயிற்று. ஓட்டின் நிறமாலையையே ஒத்த புள்ளிக்கு அந்தச் சிறப்பு இல்லை.

ஓட்டின் மையம் நாளுக்கு நாள் நகர்கிறது

தற்சீராக்கம் செய்த தரவில் தனிநிலை இடம் அழிந்துவிடும் என்பதால், அப்படங்களிலிருந்து மையத்தின் நகர்வை அளக்கவே கூடாது. கட்டத்தை அருகிலுள்ள மேற்கோள் மூலத்தோடு (இடத்தை ஒப்பிட உதவும் வேறொரு ரேடியோ மூலத்தோடு) ஒப்பிட்ட தரவே தேவை. எஸ்என் 1993ஜே-க்கு எம்81-இன் கருவே மேற்கோளாக அமைந்தது. இரண்டுக்கும் இடையே 3 ஆர்க்நிமிடத்துக்கும் குறைவு. ஆயினும் அந்தக் கருவும் அசையாப் புள்ளி அன்று. அதிலிருந்து வடகிழக்காக ஒரு சிறு தாரை நீள்வதால், வெளிச்சத்தின் உச்சம் அதிர்வெண் தாழத் தாழத் தாரையின் வழியே நகர்கிறது. தாரையின் அடியில் அசையாதிருக்கும் இடத்தைப் பீட்டன்ஹோல்ஸ் குழு கண்டறிந்து, அதையே மேற்கோளாகக் கொண்டது. அதன் பயனாக வெடிப்பின் மையத்தை 45 மைக்ரோ ஆர்க்செகண்ட் துல்லியத்தில் நிறுவவும், விரிவில் திசைக்குத் திசை வேறுபாடு 5.5 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்று காட்டவும் முடிந்தது. உங்கள் மையம் வடகிழக்கு, தென்மேற்குத் திசையிலேயே ஊசலாடினால் மேற்கோளின் தாரையைச் சந்தேகியுங்கள். திசையின்றி அலைந்தால், தாழ் அதிர்வெண்ணில் அயனி மண்டலத்தையும் உயர் அதிர்வெண்ணில் நீராவி நிறைந்த கீழ்வளிமண்டலத்தையும் பாருங்கள்.

பிரிதிறனை மீறிய படத்தை நம்பலாமா

ஆஸ்திரேலியாவின் நராப்ரையில் உள்ள 6 கிலோமீட்டர் அணியின் பிரிதிறன் 9 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஓர் ஆர்க்செகண்ட். 1987-இல் தோன்றிய சூப்பர்நோவாவான எஸ்என் 1987ஏ-யைச் சுற்றியுள்ள வளையத்தின் ஆரமோ அதைவிடச் சிறியது. ஆகவே 1992 முதல் அங்கே எடுக்கப்பட்ட படங்கள் கற்றையை ஏறத்தாழ அரை ஆர்க்செகண்டாகச் சுருக்கி மீப்பிரிதிறனில் வரையப்பட்டன. அப்படங்களில் கிழக்கு மடல் மேற்கைவிடப் பிரகாசமாகத் தெரிந்தது. இதை நம்பத்தக்கதாக ஆக்கியது படத்தின் கூர்மை அன்று. விசிபிலிட்டியில் பொருத்திய வளைய மாதிரிகளிலும் அதே சமச்சீரின்மை வெளிப்பட்டதுதான். மீப்பிரிதிறன் படத்தில் காணும் எதையும், அந்தக் கூறு உள்ள மாதிரி, இல்லாத மாதிரி என்ற இரண்டையும் விசிபிலிட்டியில் பொருத்தி, பொருந்தாமல் மிஞ்சும் எச்சம் கணிசமாகக் குறைகிறதா என்று பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

ஆண்டுகள் போகப் போக இரைச்சலே மிஞ்சுகிறது

இது பிழையன்று. ஆரம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். அதற்குள் மொத்த ஒளிர்வு பாதியாகக் குறைந்திருந்தால், பரப்பு வெளிச்சம் எட்டில் ஒரு பங்கு. எஸ்என் 1993ஜே-யின் ஒளிர்வோ ஏறத்தாழ 3,100-ஆம் நாளுக்குப் பின் இன்னும் வேகமாகச் சரிந்தது. ஒளிர்வு தாழ் அதிர்வெண்ணில் கூடுதல் என்பதால் அங்கே இறங்கலாம். ஓடும் பெரிதாகிவிட்டதால் அங்குள்ள குறைந்த பிரிதிறன் இப்போது போதும். எஃபெல்ஸ்பெர்க்கின் 100 மீட்டர் தட்டு போன்ற பெரிய தொலைநோக்கிகளைச் சேர்ப்பது உணர்திறனை உயர்த்தும். எடையிடலில் (எந்த அளவீட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருவது என்பதில்) இயல்பு எடையைத் தேர்ந்து, நீண்ட அடிக்கோடுகளின் முன்னுரிமையைக் குறைக்கலாம். தற்சீராக்கத்தை மட்டும் இந்த நாள்களில் செய்யாதீர்கள்: சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கியிருக்கையில், அது இரைச்சலிலிருந்தே நீங்கள் கொடுத்த மாதிரியைப் போன்ற ஓர் ஓட்டை உருவாக்கித் தந்துவிடும், அந்த ஓட்டின் ஆரமும் உங்கள் வளைகோட்டில் அழகாகப் பொருந்தும்.